ஒளித்து வைத்த பாடம் ஊருக்கு வந்த கதை

ஸ்பெயினில் ஒரு பெரிய வீட்டுச் சொத்துக் கவலையில் தொடங்குகிறது இந்தக் கதை. காலம் 16-ஆம் நூற்றாண்டு. குடும்பத்தின் பெயர் வெலாஸ்கோ. நிலபுலன் வெளியே போய்விடக் கூடாதென்று தலைமுறைகளாக நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அந்த வம்சத்தில் காதுகேளாத பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்தார்கள். வாய்பேசாதவருக்குச் சட்டத்தின் முன் மற்றவர்களுக்குள்ள உரிமை கிடையாது என்ற காலம் அது. பிள்ளைகள் பேசாவிட்டால் பரம்பரைச் சொத்து என்ன ஆகும்? பிரான்சிஸ்கோ, பெத்ரோ என்ற இரண்டு பையன்களை ஓன்யா என்ற ஊரின் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த மடத்தில் பெத்ரோ போன்ஸே தெ லெயோன் என்ற துறவி இருந்தார். பெனடிக்ட் சபைத் துறவிகள் மௌனம் காக்க வேண்டிய நேரங்களில் கைச்சைகையால் பேசிக்கொள்வது வழக்கம். ரொட்டி வேண்டும் என்றால் ஒரு சைகை, புத்தகம் என்றால் இன்னொன்று. வாயைத் திறக்காமலே மனிதர்கள் பேசிக்கொள்ள முடியும் என்பதை நாள்தோறும் பார்த்தவருக்கு அந்தப் பையன்கள் புரியாத புதிராகத் தெரியவில்லை. எழுதவும் படிக்கவும் பேசவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். காதுகேளாதவர் கல்வி கற்க இயலாது என்று அறிஞர்கள் நம்பிய காலத்தில் அவர் செய்துகாட்டியது பெரிய காரியம். ஆனால் வழிமுறையைப் பரப்பவில்லை. 1584-இல் அவர் இறந்தபோது அதில் பெரும்பகுதி அவரோடே போயிற்று.

எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்குவதை இன்று உள்ளடக்கிய கல்விப் பயிற்சி என்கிறோம். ஏதோ சமீபத்தில் டெல்லியிலிருந்து வந்த சுற்றறிக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள். நானூறு ஆண்டுக்கு மேலான பயணம் இது. யாரோ ஒருவர் தாம் அறிந்ததைப் பூட்டி வைத்தபோதெல்லாம் அது நின்றுவிட்டது; யாரோ ஒருவர் எடுத்துக் கொடுத்தபோதெல்லாம் நகர்ந்தது.

அதே வெலாஸ்கோ குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறையில் லூயிஸ் என்று இன்னொரு காதுகேளாத பிள்ளை. இவனுக்கு ஆசிரியராக வந்த ரமிரெஸ் தெ கரியோன் வித்தையை யாருக்கும் காட்டாதவர். ஆனால் அந்த வீட்டிலேயே செயலராக வேலை பார்த்த ஹுவான் பாப்லோ போனெத், காதுகேளாதவர்களுக்குப் பேசக் கற்பிக்கும் கலையைப் பற்றி 1620-இல் மாட்ரிட்டில் ஒரு புத்தகம் அச்சிட்டுவிட்டார். அடுத்தவர் உழைப்பைத் தம் பேரில் போட்டுக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மேல் இன்றுவரை உண்டு. இருக்கலாம். ஆனாலும் அந்தப் புத்தகம் இல்லையென்றால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஒற்றைக் கை விரல்களால் ஒவ்வோர் எழுத்தையும் காட்டும் படங்கள் அதில் இருந்தன.

அந்தப் படங்கள் பாரிஸுக்குப் போக நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அபே தெ லெப்பே என்ற பாதிரியார், காதுகேளாத இரட்டைச் சகோதரிகளைத் தற்செயலாகச் சந்தித்ததிலிருந்து தம் வீட்டிலேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் ஸ்பானிய மொழிப் புத்தகம் ஒன்றை விற்க வந்தார். ஸ்பானியமே தெரியாதே என்று திருப்பி அனுப்பப் பார்த்த பாதிரியார், போகிற போக்கில் புரட்டியபோது விரலெழுத்துப் படங்கள் கண்ணில் பட்டன. போனெத்தின் புத்தகம்! வாங்கிவிட்டார். அதைப் படிப்பதற்காகவே ஸ்பானியமும் கற்றார். தெருவில் புத்தகம் விற்றுப் பிழைத்த அந்த மனிதரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை.

லெப்பே செய்த உண்மையான புரட்சி கதவைத் திறந்து வைத்ததுதான். காசு வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியராக விரும்பியவர்கள் வந்தார்கள், கற்றார்கள், ஊர் திரும்பிப் பள்ளி தொடங்கினார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது என்று ஒன்றை முதன்முதலில் அந்தப் பாரிஸ் வீட்டில்தான் தெளிவாகக் காண முடிகிறது. அதே காலத்தில் எடின்பரோவில் தாமஸ் பிரெய்டுவுட் என்பவரும் காதுகேளாதோர் பள்ளி நடத்தினார். நல்ல ஆசிரியர்தான், 1773-இல் அங்கே போன எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் பிரெய்டுவுட் குடும்பத்துக்கு அது பரம்பரைத் தொழில், வித்தை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த இரண்டு வீடுகளின் வேறுபாடு பின்னால் ஒரு கண்டத்தின் கல்வியையே தீர்மானித்தது.

அதற்கு முன் நம் ஊருக்கு வந்துவிட்டுப் போவோம். 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மதராஸில், எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை. ஒருநாள் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கடந்து போகையில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தம் விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. உடனே ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியனாக்கிவிட்டார். பையன் பிரமாதமாகக் கற்றுக்கொடுத்தான். நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்பவன் காலங்காலமாகச் செய்த வேலைதான். பெல் 1797-இல் இதை லண்டனில் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மதராஸ் காலேஜ் என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

ஏறக்குறைய அதே வழியில் லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டருக்கும் பெல்லுக்கும், யார் முதலில் கண்டது என்று ஆயுள் முழுக்கச் சண்டை. சண்டையின் நல்ல விளைவு, இரு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு ஆசிரியர்களைப் பழக்கியதுதான். லங்காஸ்டரின் பரோ ரோடு பள்ளி பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகவே மாறியது. கண் தெரியாத பிள்ளைக்கோ மெல்லக் கற்கும் பிள்ளைக்கோ பக்கத்து மாணவனையே துணையாக வைப்பது எப்படி என்று இன்று ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருகிறோமே, அந்த யோசனையின் பூர்வீகம் தேடுவோர் எழும்பூரைக் காட்டுகிறார்கள். எழும்பூரோ திண்ணையைக் காட்டுகிறது.

பாரிஸில் 1795-இல் இன்னொரு சங்கதி நடந்தது. புரட்சி அரசு நாடு முழுவதற்கும் ஆசிரியர்களை உருவாக்க ‘எகோல் நார்மால்’ என்ற கல்லூரியைத் தொடங்கியது. பல நாட்டு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கு ‘நார்மல் ஸ்கூல்’ என்ற பெயர் பரவக் காரணமான நிறுவனம் அது. நாட்டின் தலைசிறந்த கணித, அறிவியல் அறிஞர்கள் பேராசிரியர்கள். அவர்களோடு மொழி கற்பிக்க நியமிக்கப்பட்டவர் சிகார். லெப்பேக்குப் பின் காதுகேளாதோர் பள்ளியின் தலைவராக இருந்தவர். அவர் தம் காதுகேளாத மாணவர் ழான் மாசியேவைக் கூட அழைத்துவந்து பாடம் நடத்தினார். ஊர்ப் பள்ளி ஆசிரியராகப் போகிறவர்கள் முன்னால், மொழி மனதில் எப்படி உருவாகிறது என்று காட்டியவர் காதுகேளாத ஓர் இளைஞர். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பொது ஆசிரியர் பயிற்சியும் மாற்றுத்திறனாளர் கல்வியும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருந்தன. அந்தக் கல்லூரி சில மாதங்களில் மூடப்பட்டது. இரண்டும் அதன் பிறகு தனித்தனித் தெருவில் போய்விட்டன.

இந்தக் கலை அமெரிக்காவுக்குப் போனது அண்டை வீட்டு நட்பால். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில், பக்கத்து வீட்டு மருத்துவர் காக்ஸ்வெல்லின் காதுகேளாத மகள் ஆலிஸ் தனியே நிற்பதைப் பார்த்தார் தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட் என்ற இளைஞர். அவளிடம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரைக் குச்சியால் தரையில் எழுதினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் பணம் திரட்டி, கற்பிக்கும் முறையைப் படித்து வரும்படி 1815-இல் அவரைக் கப்பலேற்றினார்கள். போனது பிரிட்டனுக்கு. அங்கே பிரெய்டுவுட் குடும்பத்தின் பூட்டு தொங்கியது. லண்டனில் ஆண்டுக்கணக்கில் உதவியாளராக வேலை செய்தால் பார்க்கலாம் என்றார்கள். எடின்பரோவில் இருந்தவரோ யாருக்கும் சொல்லித்தர மாட்டேன் என்று அந்தக் குடும்பத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்.

இங்கே நெப்போலியன் உதவிக்கு வருகிறார். எல்பா தீவிலிருந்து அவர் தப்பித் திரும்பிய அந்த நூறு நாள் குழப்பத்தில் சிகார் லண்டனில் இருந்தார். மாசியே, லோரான் கிளெர் என்ற தம் காதுகேளாத மாணவர்கள் இருவரையும் மேடையேற்றிச் செயல்விளக்கம் நடத்திக்கொண்டிருந்தார். காலடெட் போய்ப் பார்த்தார். பாரிஸுக்கு வாருங்கள், எல்லாவற்றையும் காட்டுகிறோம் என்றார் சிகார். போனார், சில மாதம் கற்றார், திரும்பும்போது கிளெரையே அழைத்துக்கொண்டு புறப்பட்டார். 1816-இல் 52 நாள் கப்பல் பயணம். கிளெர் அவருக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்க, அவர் கிளெருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அட்லாண்டிக் கடலில் நடந்த அந்த வகுப்பைவிடச் சிறந்த ஆசிரியர் பயிற்சி வகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. இருவருமே ஆசிரியர், இருவருமே மாணவர். 1817 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டு பள்ளி திறந்தது. மூன்று ஆண்டுக்கென்று வந்த கிளெர் அங்கேயே நாற்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்து, பல பள்ளிகளுக்குப் போன ஆசிரியர்களை உருவாக்கினார். காலடெட் 1825-இலேயே, எல்லாப் பள்ளிகளுக்குமான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க நிறுவனம் வேண்டும் என்று திட்டம் எழுதினார். அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி அதற்குப் பதினான்கு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

போனெத்தின் விரலெழுத்தும் பாரிஸ் வழியாக அமெரிக்கா சேர்ந்தது. பாஸ்டன் பெர்கின்ஸ் பள்ளியில் பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் அதைக் கற்றார். அவரோடு பேசுவதற்காக அங்கே படித்த ஆன் சல்லிவன் கற்றார். 1887-இல் அலபாமாவில் ஹெலன் கெல்லர் என்ற சிறுமியின் உள்ளங்கையில், குழாய்த் தண்ணீர் கொட்டக் கொட்ட, அந்த எழுத்துகளைத்தான் சல்லிவன் எழுதினார்.

இதற்கு நடுவில் ஒரு கெட்ட காலம். 1880-இல் மிலான் நகரில் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தீர்மானித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் காது கேட்பவர்கள். காதுகேளாத ஆசிரியர்கள் பல நாடுகளில் வேலை இழந்தார்கள். 1891-இல் வாஷிங்டனில், பின்னர் காலடெட் பெயர் சூட்டப்பட்ட கல்லூரியில் ஆசிரியர் பயிற்சித் துறை தொடங்கப்பட்டபோது, தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் எதிர்த்தார். துறை வந்தது, காதுகேளாதவர்களுக்கு மட்டும் அதில் இடம் தரப்படவில்லை. கிளெரைப் போன்ற ஒருவர் தம் தோழர் காலடெட்டின் பெயர் பெற்ற கல்லூரியிலேயே ஆசிரியர் பயிற்சி பெற முடியாது என்ற நிலை. மிலான் தீர்மானத்துக்கு அந்த மாநாட்டின் வாரிசு அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010-இல், வான்கூவரில்.

தமிழகத்தில் பாளையங்கோட்டை முந்திக்கொண்டது. ஃபுளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையாரின் காதுகேளாதோர் பள்ளியும், பார்வையற்றோர் பள்ளியும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே வந்துவிட்டன. ஆனால் தனிப்பள்ளி, தனி ஆசிரியர், தனிப் பயிற்சி என்ற ஐரோப்பிய ஏற்பாடும் கூடவே வந்து நிலைத்தது.

எல்லாவற்றிலும் வியப்பான பயணம் மான்டிசோரியுடையது. பாரிஸில் இடார் என்ற மருத்துவர் 1800-இல் காட்டில் பிடிபட்ட சிறுவன் ஒருவனுக்குக் கற்பிக்க ஆண்டுக்கணக்கில் போராடினார். அவர் மாணவர் செகென், அறிவுவளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கென்று தொட்டும் பார்த்தும் கற்கும் கருவிகளை உருவாக்கினார். இருவரின் நூல்களையும் ரோமில் மரியா மான்டிசோரி பக்கம் பக்கமாகக் கையாலேயே பெயர்த்து எழுதினார். 1900-இல் அங்கே தொடங்கிய ஒரு பயிற்சிப் பள்ளியில், இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பழக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அவரிடம் படித்த சில குழந்தைகள் பொதுப்பள்ளித் தேர்விலேயே தேறினார்கள். ஊர் பாராட்டியது. அவர் கேட்ட கேள்வி வேறு: இந்தக் குழந்தைகளே தேறுகிறார்கள் என்றால், மற்ற குழந்தைகளை நம் பள்ளிகள் என்ன செய்து வைத்திருக்கின்றன? 1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் அதே கருவிகளை எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டுபோனார்.

அவர் 1939 நவம்பரில் சென்னை அடையாறில் வந்து இறங்கினார். பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி. சில மாதத்தில் திரும்பிவிடும் திட்டம்தான். 1940-இல் இத்தாலி போரில் குதிக்க, பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டார். அடையாறிலும் பிறகு கொடைக்கானலிலுமாக 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். இன்று நகரத்து வீட்டுப் பெற்றோர் கட்டணம் கட்டிச் சேர்க்கும் மான்டிசோரிப் பள்ளியின் மணல்தாள் எழுத்துகளும் மர உருளைகளும், கற்க இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடம் கற்ற பாடத்திலிருந்து வந்தவை. பயிற்சி இரண்டாகப் பிரிந்ததில் யாருக்கு நட்டம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிரிந்ததை ஒட்டவைக்கும் வேலை 1970-களில் சட்டங்களால் தொடங்கியது. அமெரிக்கா 1975-இல் எல்லா மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் பொதுக்கல்வியை உரிமையாக்கியது. இத்தாலி 1977-இல் தனி வகுப்புகளையே எடுத்துவிட்டு, அத்தகைய குழந்தை உள்ள வகுப்பில் இருபது பேருக்கு மேல் கூடாது என்றும், துணை ஆசிரியர் வேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்தில் 1978-இன் வார்னாக் அறிக்கை, ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிக்காலத்தில் ஒரு கட்டத்தில் கூடுதல் உதவி தேவைப்படலாம் என்றது. ஐந்தில் ஒருவர் என்றால் அது யாரோ ஒரு நிபுணரின் வேலையாக இருக்க முடியாது; வகுப்பு ஆசிரியரின் வேலை.

வகுப்பு ஆசிரியருக்கு எதைக் கற்றுத்தருவது? 1990-இல் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் யுனெஸ்கோ ஒரு கூட்டம் கூட்டியது. இந்தியா, கென்யா, ஜோர்டான், மால்டா, சிலி, ஸ்பெயின், கனடா, ஜிம்பாப்வே ஆகிய எட்டு நாடுகளிலிருந்து பயிற்சியாளர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் மெல் எய்ன்ஸ்கோ தலைமையில் உருவாகிக்கொண்டிருந்த ஆசிரியர் பயிற்சித் தொகுப்பை அங்கே வைத்துச் சோதித்தார்கள். குறைபாட்டு வகைகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்கும் பழைய பாணியை அந்தத் தொகுப்பு கைவிட்டது. ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து, தம் வகுப்பில் எந்தக் குழந்தைக்கு எந்த இடத்தில் பாடம் நழுவுகிறது, அதற்குப் பாடத்தில் எதை மாற்றலாம் என்று பேசித் தீர்க்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடியே பேசினால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்குப் பாடம் போயிற்று. திரும்பி நின்று பேசினால் கடைசி வரிசைக்கும் கேட்கும். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் பார்வையற்ற குழந்தையும் தொடர்வாள், எழுத்துக்கூட்டத் திணறும் பையனும் தொடர்வான். நான்கு ஆண்டு கழித்து, 1994 ஜூனில், 92 அரசுகளும் 25 அமைப்புகளும் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் கூடி, பொதுப்பள்ளிதான் எல்லாக் குழந்தைகளுக்குமான பள்ளி என்று பிரகடனம் செய்தன. போன்ஸே துறவியின் ஓன்யா மடம் அதே காஸ்டில்-லெயோன் பகுதியில்தான் இருக்கிறது.

இந்தியாவின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் சாலமன்காவுக்கு இருபது ஆண்டு மூத்தது, 1974-இல் வந்தது. ஆனால் அது கல்வித் துறையில் இல்லை, சமூகநலத் துறையில் இருந்தது. 1982-இல்தான் கல்விக்கு மாறியது. பயிற்சியும் அதேபோல் இரண்டு வீட்டுப் பிள்ளை. பொது ஆசிரியர் பயிற்சியை ஒழுங்குபடுத்த 1993-இன் சட்டப்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். சிறப்பாசிரியர் பயிற்சிக்கு 1992-இன் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமம். ஒன்று கல்வி அமைச்சகத்தின் கீழ், மற்றது சமூகநீதி அமைச்சகத்தின் கீழ். 2014-இல் இரண்டாண்டு பி.எட். வந்தபோது உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல் என்ற தாள் எல்லாருக்கும் சேர்க்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பாடத்திட்டத்தில் அது அரைத்தாள். அதற்கு இரண்டாண்டு கழித்து வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சைகை மொழியும் பிரெயிலும் அறிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் உட்பட, பயிற்றுவித்துப் பணியமர்த்துவது அரசின் கடமை என்கிறது. அரைத்தாள் அந்தச் சுமையைத் தாங்காது.

தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் பள்ளி பள்ளியாகவும், நடமாட முடியாத குழந்தைகளின் வீடு வீடாகவும் போய்வருகிறார்கள். பலருக்குத் தொகுப்பூதியம்தான். அவர்கள் வராத நாட்களிலும் அந்தக் குழந்தை வகுப்பில்தான் இருக்கிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது நிறைவேற வேண்டும். நிறைவேறினாலும் மீதி நேரம் முழுக்க வகுப்பு ஆசிரியர்தான். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் அறிவு எல்லா ஆசிரியர் பயிற்சியிலும் பிரிக்க முடியாத பகுதியாக வேண்டும், இரண்டு குழுமங்களும் இணைந்து செயல்பட வேண்டும் என்று 2020-இன் கல்விக் கொள்கையே எழுதி வைத்திருக்கிறது. என் கருத்தில் அதற்கு மிகச் சுருக்கமான வழி, கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு பி.எட்., டி.எல்.எட். மாணவரையும் மாற்றுத்திறன் குழந்தை படிக்கும் வகுப்பில் சில வாரங்களாவது நிறுத்துவது. காதுகேளாத, பார்வையற்ற ஆசிரியர்களை அந்தக் கல்லூரிகளில் பயிற்றுநராக அமர்த்துவது.

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, இந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பு ஆசிரியர்களுக்கு உள்ளடக்கிய கல்விப் பயிற்சி கிடைத்திருக்கிறது, கடைசியாக எப்போது கிடைத்தது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.